மிளகாய் வந்த வழி, போன வழி

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகும் ஏ-35 வீதியில் தருமபுரம், விசுவமடு, ரெட்பானா தாண்டினால் உடையார்கட்டு. குளம், குளத்துக்குக் கீழே வயல், மேட்டில் தோட்டம் என வன்னிக் கிராமங்களுக்கே உரிய அமைப்பு. எழுபதுகளில் இந்த வீதியால் போய்வந்தவர்களிடம் கேட்டால் நெல்லுக்கு முன் மிளகாயைத்தான் சொல்வார்கள். வன்னிச் செத்தலின் பொற்காலம் அது.

அதே மிளகாய் இன்று பாங்கொக்கின் தள்ளுவண்டியில் இருக்கிறது, லாவோஸின் வியன்டியான் வீட்டு உரலில் இருக்கிறது. ரொறன்ரோவில் 'தாய் – லாவோ உணவகம்' என்று பலகை மாட்டிய சின்னக் கடைகளின் குசினிகளிலும் இருக்கிறது. நாங்கள் அதை யாழ்ப்பாணத்து உறைப்பு என்கிறோம். தாய்லாந்துக்காரர் தங்கள் உறைப்பு என்கிறார்கள். லாவோஸ்காரர் இரண்டு பேரையும் பார்த்துச் சிரிப்பார்கள். ஐந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த மூன்று பேரில் ஒருவரும் மிளகாயைக் கண்ணால் கண்டதில்லை.

அது பிறந்தது அமெரிக்கக் கண்டத்தில். மெக்சிகோவிலும் அதற்குத் தெற்கேயும் இருந்த மக்கள் அதைத் தோட்டப் பயிராக்கினார்கள். எக்குவடோரில் கிடைத்த பழைய அரைகற்களில் ஏறத்தாழ 6,000 ஆண்டுக்கு முந்திய மிளகாய்த் துகள்கள் ஒட்டியிருந்தன. எரிவு விதையில் இருப்பதாகவே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சுரப்பது விதை ஒட்டியிருக்கும் வெண்தசையில். எரிவு தரும் அந்தப் பொருளுக்குப் பெயர் கப்சைசின். எலி போன்ற பிராணிகள் தின்றால் பல்லில் அரைபட்டு விதை செத்துப்போகும். பறவை விழுங்கினால் விதை முழுசாக வெளியே வரும். ஆகவே செடி பல்லுள்ளவற்றை விரட்டிவிட்டுச் சிறகுள்ளவற்றுக்கு விருந்து வைத்தது. பாலூட்டிகளின் நரம்பில் சூட்டை உணரும் ஏற்பி ஒன்று உண்டு. கப்சைசின் பட்டதும் அது நெருப்புப் பட்டதாகவே எடுத்துக்கொள்ளும். பறவைகளுக்கு அது உறைப்பதில்லை. இந்த ஏற்பியை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வன்னியில் யாரும் நடாமலே வேலியோரம் முளைத்துக் காய்க்கும் கொச்சிக்காய்ச் செடி, கதியாலில் வந்து குந்திய குருவி விட்டுப்போனது.

மிளகாய் வருமுன் எங்கள் நாக்குக்கு உறைப்புத் தந்தது மிளகு. கூடவே இஞ்சி, திப்பிலி. சீயத்துச் (இன்றைய தாய்லாந்து) சமையலும் அப்படித்தான். இரு கரைக்கும் போக்குவரத்து அப்போதே இருந்தது. தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே வெட்டப்பட்ட 'அவனிநாரணம்' என்ற குளத்தைப் பற்றியும் அதற்குக் காவலாக நின்ற மணிக்கிராமத்து வணிகர்களைப் பற்றியும் சொல்கிறது. கடல் தாண்டிப்போயும் தமிழன் முதலில் குளம் வெட்டியிருக்கிறான் என்பது வன்னியானுக்குப் புதினமாக இராது.

ஆனால் மிளகு எல்லோருக்கும் வாய்க்கவில்லை. அதற்கு ஈரக்காற்று வேண்டும், நல்ல மழை வேண்டும், படர மரம் வேண்டும். மலையாளக் கரையில் செழித்த கொடி வன்னியின் கோடையில் கருகிவிடும். காசு கொடுத்து வாங்கினால்தான் உறைப்பு. அரபு வணிகர் கையிலும் வெனிஸ்காரர் கையிலும் மிளகு பொன்னானது. அந்தப் பொன்னைக் கடல்வழியே நேரே போய் எடுக்க 1492இல் மேற்கே பாய் விரித்த கொலம்பசுக்கு மிளகு கிடைக்கவில்லை, மிளகாய் கிடைத்தது. அடுத்த ஆண்டு அதை ஸ்பெயினுக்குக் கொண்டுபோனார்.

ஐரோப்பா அதைப் பெரிதாக மதிக்கவில்லை. அதைக் கிழக்கே பரப்பியவை போர்த்துக்கேயரின் கப்பல்கள். அவர்கள் 1505இல் இலங்கைக்கு வந்தார்கள். 1510இல் கோவாவையும் 1511இல் மலாக்காவையும் பிடித்தார்கள். மலாக்கா விழுந்த அதே ஆண்டில் அவர்களுடைய தூதர் சீயத்தின் தலைநகர் அயுத்தயாவுக்குப் போனார். உடையார்கட்டுக்கும் அயுத்தயாவுக்கும் மிளகாய் ஒரே கப்பற்கூட்டத்தின் கைவழியாகத்தான் வந்து சேர்ந்தது.

வந்த வேகத்தில் அது பரவியதன் இரகசியம் அதன் உடம்பிலேயே இருந்தது. காய்ந்த மிளகாய்க்குப் பாரமில்லை, இலகுவில் கெடாது, விதையும் உள்ளேயே இருக்கும். சமைக்க வாங்கியதில் நாலு விதையைக் கொட்டிவிட்டால் மூன்று மாதத்தில் முற்றத்தில் காய். மிளகின் வியாபாரத்தை எந்த அரசனும் வேலி போட்டுக் காக்கலாம். மிளகாயை அப்படிக் காக்க வழியில்லை. உடைந்த பானை ஒன்றும் கொஞ்சம் மண்ணும் உள்ளவன்கூட உறைப்புக்கு உடைமைக்காரன் ஆனான். ஏழைச் சோற்றைச் சுவையாக்கும் காரியம் சந்தையின் பிடியிலிருந்து கழன்றது அப்போதுதான்.

அயுத்தயாவிலிருந்து ஆற்றுவழியாகவும் மாட்டுவண்டித் தடங்களாலும் மிளகாய் மேக்கொங் கரைக்கு ஏறியிருக்க வேண்டும். அங்கே லாவோ மக்களிடம் ஊறவைத்து அவிக்கும் ஒட்டரிசி இருந்தது. பானையில் மாதக்கணக்காக நொதித்த ஆற்று மீன், 'படேக்', இருந்தது. பப்பாசியும் மிளகாயைப் போல அமெரிக்காவிலிருந்து வந்த பரதேசிதான். இவையெல்லாம் ஓர் உரலுக்குள் கூடியபோது பிறந்ததே 'தாம் மாக் ஹூங்' என்ற பப்பாசிக்காய்ச் சம்பல்.

அதைச் செய்வதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். மண் உரல், மர உலக்கை. முதலில் உள்ளியும் மிளகாயும், நாலு இடி. பிறகு படேக், தேசிக்காய்ப் புளி, தக்காளித் துண்டு. கடைசியில் நூலாகச் சீவிய பப்பாசிக்காய். இனி இடிப்பது நசுக்க அல்ல, சாறு ஊற. ஒரு கை உலக்கையால் மெல்லக் குத்த, மறு கை கரண்டியால் அடியிலிருந்து கிளறிக்கொண்டே இருக்கும். எங்கள் இடிசம்பலுக்கு உரலில் செத்தலும் உப்பும் முதலில் போய், தேங்காய்ப்பூ பிறகு விழும் அதே ஒழுங்கு.

இந்தச் சம்பல் பாங்கொக்குக்குப் போனது விருந்தாளியாக அல்ல. லாவோ அரசர் சாவோ அனுவோங் சீயத்தின் மேலாட்சியை எதிர்த்துக் கிளம்பியபோது, சீயப் படை 1827–28இல் வியன்டியானை அழித்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களை மேக்கொங்கின் மேற்குக் கரைக்கு ஓட்டிப்போய்க் குடியேற்றினார்கள். இன்று தாய்லாந்தின் வடகிழக்குப் பிராந்தியமான ஈசானில் வாழும் லாவோ வழியினர், லாவோஸ் நாட்டின் மொத்த சனத்தொகையைவிட அதிகம். மழை பொய்த்த ஈசானிலிருந்து கூலி வேலைக்கும் வாடகைவண்டி ஓட்டவும் பாங்கொக்குக்குப் போனவர்கள் உரலையும் கூடவே கொண்டுபோனார்கள். நகரம் முதலில் மூக்கைப் பொத்தியது. பிறகு நாக்கை நீட்டியது. நிலக்கடலையும் சீனியும் சேர்ந்து, படேக்கின் வாடை குறைந்து, 'சோம் தாம்' என்ற தாய்லாந்தின் தேசியப் பெருமையாகிவிட்டது.

வன்னியில் மிளகாய் வீட்டுத் தேவையைத் தாண்டிப் பணப்பயிரானது பின்னாளில்தான். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கங்களில் படித்த வாலிபருக்குக் காணி கொடுக்கும் திட்டங்கள் வந்தன. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு செத்தல், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கியது. இந்தியச் செத்தல் நின்றதும் உள்ளூர்ச் செத்தலின் விலை ஏறியது. மண்ணெண்ணெய் நீர்ப்பம்பிகள் இரவு பகலாக இரைந்தன. மிளகாய்க் காசில் கல்வீடு கட்டினார்கள், உழவு இயந்திரம் வாங்கினார்கள், சீதனம் கொடுத்தார்கள்.

வேலை லேசானதல்ல. பழம் செக்கச்செவேலென்று வந்ததும் ஆய வேண்டும், அதுவும் ஒரே தடவையில் முடியாது, திரும்பத் திரும்ப ஆய வேண்டும். ஆய்ந்ததைக் குவித்துச் சாக்கால் மூடி நிறம் சமப்படவிட்டு, பிறகு படங்கில் பரப்பி வெயிலில் காயவிடுவார்கள். நாலு கிலோ பழம் காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ செத்தல். மழை இருட்டினால் வீடே ஓடிவந்து அள்ளும். பழம் ஆய்ந்த கை இரவெல்லாம் எரியும். தண்ணீரில் கழுவினால் போகாது, ஏனென்றால் கப்சைசின் நீரில் கரையாது. தேங்காயெண்ணெய் பூசித் துடைத்தால் கொஞ்சம் தணியும்.

அந்தக் கைகளில் பல மலையகக் கைகள். தேயிலைத் தோட்டங்களில் பட்டினி வாட்டிய எழுபதுகளில் ஒரு தொகையினரும், 1977 கலவரத்துக்குப் பின் இன்னொரு தொகையினரும் வன்னிக்கு வந்து குடியேறினார்கள். மிளகாய்க் காசு காணிக்காரனைத் தூக்கிவிட்ட அளவுக்குக் கூலிக்காரனைத் தூக்கிவிடவில்லை. வன்னியின் வளத்தைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அதே 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தன அரசு இறக்குமதிக் கதவைத் திறந்தது. இந்தியாவின் குண்டூர்ச் செத்தல் கப்பலில் வந்து இறங்க விலை விழுந்தது. பிறகு யுத்தம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் எரிபொருளும் உரமும் வன்னிக்குள் வராமல் நின்றன. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்ததும் சனம் இந்த ஏ-35 வழியே கிழக்கே நகர்ந்தது. அந்த மாதத்தின் மூன்றாம் வாரத்தில் அரசு உடையார்கட்டு, சுதந்திரபுரம் பகுதியைச் சேர்த்துச் சுமார் 35 சதுர கிலோமீற்றரை 'பாதுகாப்பு வலயம்' என அறிவித்தது. உடையார்கட்டுப் பாடசாலை மருத்துவமனையானது. வலயத்துக்குள்ளும் எறிகணை விழுந்தது. மிளகாய் விளைந்த மேட்டில் பதுங்குகுழி வெட்டினார்கள். மே மாதம், யுத்தத்தின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் உயிரைப் பிடித்துவைத்தது அரிசியும் தண்ணீரும் உப்பும் போட்ட கஞ்சி. மிளகாயால் வாழ்ந்த சனத்தின் கடைசிச் சாப்பாட்டில் மிளகாய் இல்லை.

அதன்பிறகு முகாம்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வழி கண்டவர்களில் ஒரு பகுதியினர் போய் இறங்கிய இடம் பாங்கொக். சுற்றுலா விசாவில் போகலாம் என்பது ஒன்று, அங்கே ஐ.நா. அகதிகள் அலுவலகம் இருந்தது இன்னொன்று. ஆனால் தாய்லாந்து 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. விசா முடிந்தவர் சட்டவிரோதக் குடியேறி. 2010 ஒக்டோபரில் நூற்றுக்கு மேற்பட்ட ஈழத்தமிழர்களைப் பாங்கொக் பொலிஸ் வளைத்துப் பிடித்தது. அதற்கு இரண்டு மாதம் முன், தாய்லாந்திலிருந்து புறப்பட்ட 'எம்.வி. சன் சீ' என்ற பழைய சரக்குக் கப்பல் 492 தமிழர்களுடன் ஓகஸ்ட் 13ஆம் திகதி கனடாவின் எஸ்குவிமோல்ட் துறைமுகத்தை அடைந்தது. இறங்கியவர்களை மாதக்கணக்காகத் தடுப்பில் வைத்து விசாரித்தார்கள்.

லாவோஸ்காரருக்கும் இதே போன்ற கதை ஒன்று உண்டு. 1975இல் ஆட்சி மாறியதும் மேக்கொங்கைக் கடந்து, தாய்லாந்து முகாம்களில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பிரான்சுக்கும் போனார்கள். அங்கே சாப்பாட்டுக்கடை போட்டபோது பலகையில் 'தாய்' என்று எழுதினார்கள். லாவோஸ் எங்கே இருக்கிறதென்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. தாய்லாந்து அரசோ 2002இல் உலகெங்கும் இருந்த சுமார் 5,500 தாய் உணவகங்களை இன்னும் பெருக்கவென்றே திட்டம் தீட்டியது. செங் லுவாங்ராத் என்ற லாவோ சமையற்காரர் 2010இல் வேர்ஜீனியாவில் 'பாங்கொக் கோல்டன்' என்ற தாய்க் கடையை வாங்கி, கேட்டவர்களுக்கு மட்டும் லாவோ உணவைக் கொடுத்தார். 2014இல்தான் வாஷிங்டனில் 'திப் காவ்' என்று லாவோப் பெயரிலேயே கடை திறந்தார். புலம்பெயர் நாடுகளில் 'இந்திய உணவு' என்று பலகை போட்டு உள்ளே இடியப்பமும் சொதியும் விற்ற எம்மவர்களுக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

ஆகவே அப்படிப்பட்ட கடை ஒன்றில் வன்னிக் குடும்பம் ஒன்று போய் இருந்தால், பட்டியலின் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பது நல்லது. முன்பக்கத்தில் பச்சைக்கறியும் பாட் தாயும். பின்பக்கத்தில்தான் லாப், தாம் மாக் ஹூங், ஒட்டரிசி. மூங்கில் கூடையில் வரும் அரிசியைக் கையால் பிய்த்து உருட்டி, சுட்ட மிளகாயை இடித்த 'ஜேவ்' துவையலில் தொட்டுச் சாப்பிட வேண்டும். கரண்டி தேவையில்லை. படேக் வாசம் கருவாட்டோடு வளர்ந்தவரை ஒன்றும் செய்யாது. உறைப்பு எவ்வளவு என்று பரிமாறுகிறவர் கேட்பார். 'எங்களுக்கு உறைப்புப் பழக்கம்' என்று வீரம் பேசுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் கறியில் வறுத்த தூள் தேங்காய்ப்பாலின் கொழுப்பில் கரைந்து மெல்ல ஏறும். லாவோச் சம்பலில் சின்ன மிளகாய் பச்சையாய், எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாமல், நேரே நாக்கில் விழும். அப்போது தண்ணீர் குடித்துப் பயனில்லை, ஒட்டரிசிதான் கைகொடுக்கும்.

உடையார்கட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் மீள்குடியேறியவர்கள் மறுபடி மிளகாய் நடுகிறார்கள். ஆனால் இலங்கை தின்னும் செத்தலின் பெரும்பகுதி இன்றும் இந்தியாவிலிருந்துதான் வருகிறது. காயவிடும் கூலியும் நாலுக்கு ஒன்றாய்ச் சுருங்கும் நிறையும் இறக்குமதி விலையோடு போட்டி போடமாட்டா என்பதால், பெரும்பாலான தோட்டக்காரர் பச்சையாகவே ஆய்ந்து விற்கிறார்கள். பச்சைமிளகாய் காத்திருக்காது. வரத்துக் கூடினால் அன்றே விலை விழும். இலைச்சுருள் விழுந்தால் தோட்டமே போகும். கலப்பின விதை கூடக் காய்க்கும், ஆனால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்து நட்டால் அதே குணம் வராது. ஒவ்வொரு போகமும் காசு கொடுத்து வாங்க வேண்டும். உடைந்த பானையில் உறைப்பை வளர்த்த ஏழையின் சுதந்திரத்தில் ஒரு பங்கு இப்படித் திரும்பவும் கடைக்காரன் கைக்குப் போயிருக்கிறது. மிளகாய் எந்த நாட்டிலும் அந்த ஊர்ப் பயிராகிவிடும். அதை நடுகிறவன் அந்த ஊரில் நிலைத்து வாழ்வதை முடிவு செய்வது இறக்குமதி வரியும் விதை விலையும்தான், மண்ணல்ல. வன்னிக்கு இது 1977இலேயே தெரியும்.