தோல்விகளால் மீட்கப்பட்ட தெற்கு: நதேனியல் கிரீனின் போர்முறை, 1780–1782

அமெரிக்க விடுதலைப் போரின் (1775–1783) வரலாறு பெரும்பாலும் இரண்டு சரணடைதல்களை மையமாக வைத்தே எழுதப்படுகிறது: 1777 அக்டோபரில் சரட்டோகாவில் பர்கோய்ன் பணிந்தது, 1781 அக்டோபரில் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் பணிந்தது. இடையில் கரோலினா மாநிலங்களில் நடந்த போர் பல நூல்களில் ஓர் இணைப்பு அத்தியாயமாகச் சுருங்கிவிடுகிறது. ஆனால் யார்க்டவுன் வெற்றிக்கான நிலைமை அந்தத் தெற்குக் காடுகளிலும் ஆற்றங்கரைகளிலும்தான் உருவாயிற்று. அதை உருவாக்கிய நதேனியல் கிரீன், தாமே தலைமையேற்ற பெரிய மோதல்களில் ஒன்றில்கூடத் தெளிவான வெற்றி பெற்றதில்லை. ஆகவே, வென்ற களங்களை எண்ணி ஒரு தளபதியை மதிப்பிடும் வழக்கம் கிரீனுக்குப் பொருந்தாது.

சரட்டோகாவின் விளைவாக 1778-இல் பிரான்ஸ் போரில் இறங்கியதும் பிரிட்டனின் படைபலம் உலகெங்கும் சிதற வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து முற்றுகையிட்டுக் கைப்பற்றியதும் இந்த விரிந்த போரின் ஒரு பகுதியே. அமெரிக்காவில், மன்னரின் ஆதரவாளர்கள் தெற்கில் திரளாக இருப்பதாக நம்பி, அவர்களைக் கொண்டே அப்பகுதியை ஆள லண்டன் திட்டமிட்டது. 1778 டிசம்பரில் சவானாவும் 1780 மே 12-இல் சார்ல்ஸ்டனும் வீழ்ந்தன. சார்ல்ஸ்டனில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஆகஸ்ட் 16-இல் கேம்டனில், சரட்டோகாவின் நாயகரான கேட்ஸின் படையைக் கார்ன்வாலிஸ் சிதறடித்தார்.

திட்டம் பழுதுபட்டது களத்தில் அல்ல, ஆட்சியில். இனிப் போரிடுவதில்லை என்று வாக்களித்து வீடு திரும்பியிருந்தவர்கள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்து ஒத்துழைக்க வேண்டும் என்று ஜெனரல் கிளின்டன் 1780 ஜூனில் அறிவித்தார். ஒதுங்கி வாழ நினைத்தவனுக்கும் இடமில்லாமல் போயிற்று. பலர் மீண்டும் துப்பாக்கி எடுத்தனர். அக்டோபர் 7-இல் கிங்ஸ் மவுன்டனில் மலைப்புறக் குடிப்படையினர், மேஜர் ஃபெர்குசனின் ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட படையைச் சுற்றி வளைத்து அழித்தனர். அந்தக் களத்தில் ஃபெர்குசனைத் தவிர இரு தரப்பிலும் நின்றவர்கள் ஏறக்குறைய அனைவரும் அமெரிக்கர்களே. தெற்கில் நடந்தது விடுதலைப் போர் மட்டுமல்ல, உள்நாட்டுப் போரும்கூட என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

1780 டிசம்பரில் சார்லட் நகரில் தெற்குப் படைக்குக் கிரீன் பொறுப்பேற்றபோது இருந்தது பசித்த, கந்தலுடுத்த ஒரு சிறுபடை. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் படையின் வழங்கல் துறைக்குத் தலைமை தாங்கியவர் அவர். வண்டி, படகு, தீவனம் ஆகியவற்றின் அருமை அறிந்த அவர் முதலில் செய்தது ஆறுகளையும் துறைகளையும் ஆராயச் சொன்னதும் படகுகளைத் திரட்டச் சொன்னதும்தான். பிறகு போர்நூல்கள் எச்சரிக்கும் ஒன்றைத் துணிந்தார்: வலிய பகைவனுக்கு எதிரே தம் படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை டேனியல் மார்கனிடம் ஒப்படைத்து மேற்கே அனுப்பினார். ஒரே இடத்தில் இரு பங்குக்கும் உணவில்லை என்பதும் இம்முடிவுக்கு ஒரு காரணம்.

1781 ஜனவரி 17-இல் கவ்பென்ஸில் மார்கன் நடத்திய போர் அந்தக் காலத்தின் மிக நேர்த்தியான களத்திட்டங்களில் ஒன்று. குடிப்படையினர் நேருக்கு நேர் நிற்கமாட்டார்கள் என்று மற்றத் தளபதிகள் நொந்துகொண்டிருந்தனர். மார்கனோ அந்த இயல்பையே திட்டத்தின் பகுதியாக்கினார். முன்வரிசையினர் இரண்டு முறை சுட்டுவிட்டுப் பின்வாங்கினால் போதும் என்று முதல்நாள் இரவே முகாமெங்கும் சென்று விளக்கினார். மேட்டில் ஹோவர்டின் கீழ் பயிற்சி பெற்ற நிலைப்படையினர். அவர்களுக்குப் பின்னே மறைவாக வில்லியம் வாஷிங்டனின் குதிரைப்படை. விடியுமுன்னே நடந்து களைத்த வீரர்களுக்கு ஓய்வு தராமல் தாக்கினார் பிரிட்டிஷ் தளபதி டார்ல்டன். குடிப்படை விலகியதை ஓட்டமென்று கருதிய பிரிட்டிஷ் வரிசை, கட்டளைக் குழப்பத்தால் ஹோவர்டின் வரிசையும் பின்னே நகர்ந்ததைக் கண்டு கட்டுக்குலைந்து பாய்ந்தது. ஹோவர்டின் வீரர்கள் சட்டென்று திரும்பிச் சுட்டனர். இருபுறமும் குதிரைப்படையும் குடிப்படையும் வளைத்துக்கொண்டன. ஒரு மணி நேரத்துக்குள், சுமார் 1,100 பேரில் 800-க்கும் மேற்பட்டவர்களை டார்ல்டன் இழந்தார்.

இந்த இழப்பின் சினத்தில் கார்ன்வாலிஸ் ராம்சூர்ஸ் மில்லில் தம் வண்டிகளையும் மூட்டைமுடிச்சுகளையும் எரித்துவிட்டுத் துரத்தினார். கிரீன் முன்னேற்பாடு செய்திருந்த படகுகளில் பிப்ரவரி 14-இல் டான் ஆற்றைக் கடந்தார். அக்கரை சேரப் பகைவனிடம் படகில்லை. தளவாடமின்றி, தளத்திலிருந்து வெகுதொலைவில் நின்றது துரத்திய படை. மார்ச் 15-இல் கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸில் கிரீன் மார்கனின் வரிசைமுறையைப் பின்பற்றினாலும், காட்டில் வரிசைகள் ஒன்றுக்கொன்று தெரியாத தொலைவில் நின்றதால் அது முழுப் பயன் தரவில்லை. களம் கார்ன்வாலிஸிடம் சென்றது. ஆனால் சுமார் 1,900 பேரில் நாலில் ஒரு பங்குக்கும் மேல் அவர் இழந்தார். கடற்கரையிலுள்ள வில்மிங்டனுக்குச் சென்று, அங்கிருந்து வர்ஜீனியாவுக்குப் புறப்பட்டார்.

கிரீன் அவரைப் பின்தொடரவில்லை. தெற்கு நோக்கித் திரும்பினார். இப்போரின் மிக முக்கியமான முடிவு இதுவே. ஏப்ரல் 25-இல் ஹாப்கர்க்ஸ் ஹில்லில் தோற்றார். நைன்ட்டி சிக்ஸ் முற்றுகையைக் கைவிட்டார். இதற்கிடையே ஃபிரான்சிஸ் மாரியனும் ஹென்றி லீயும் வாட்சன், மோட் ஆகிய கோட்டைகளைச் சேர்ந்து பிடித்தனர். ஜூனில் அகஸ்டாவும் வீழ்ந்தது. பெரிய படையை எதிர்கொள்ளப் பிரிட்டிஷார் திரண்டால் சிறு காவல் நிலைகள் பறிபோகும். நிலைகளைக் காக்கப் பிரிந்தால் கிரீன் தாக்குவார். இந்தப் பிடியிலிருந்து அங்கிருந்த பிரிட்டிஷ் தளபதி ராடன் பிரபுவால் மீள முடியவில்லை. செப்டம்பர் 8-இல் யூட்டா ஸ்பிரிங்ஸில் கடும் இழப்புடன் களம் காத்த பிரிட்டிஷ் படையும் பிறகு சார்ல்ஸ்டனை நோக்கியே பின்வாங்கியது.

யார்க்டவுனை முடித்தது டி கிராஸின் பிரெஞ்சுக் கப்பற்படையும் ஜார்ஜ் வாஷிங்டன், ரோஷம்போ ஆகியோரின் கூட்டுப்படையும் என்ற மறுப்பு எழலாம். அது உண்மைதான்; 1781 செப்டம்பர் 5-இன் செசபீக் கடற்போர் இல்லாமல் கார்ன்வாலிஸ் சிக்கியிருக்கமாட்டார். ஆனால் அவர் வர்ஜீனியாவுக்கு வந்து சேர்ந்ததற்கு விடை கரோலினாவில் இருக்கிறது. மேலும், அவரவர் வசமுள்ள நிலம் அவரவருக்கே என்ற அடிப்படையில் சமாதானம் செய்யும் யோசனை 1781-இல் ஐரோப்பிய அரசவைகளில் உலவிற்று. அது நிறைவேறியிருந்தால், உட்பகுதியைக் கிரீன் மீட்காத நிலையில் தென் மாநிலங்கள் பிரிட்டனிடமே தங்கியிருக்கக்கூடும்.

1782 டிசம்பர் 14-இல் பிரிட்டிஷ் படை சார்ல்ஸ்டனை விட்டு வெளியேறியது. மன்னரின் ஆதரவாளர்கள் ஆயிரக்கணக்கில் உடன் சென்றனர். கறுப்பின மக்களும் ஆயிரக்கணக்கில் கப்பலேறினர்: பிரிட்டிஷார் அளித்த வாக்கை நம்பி விடுதலை தேடியவர்கள் சிலர், உடைமைகளாகவே கொண்டுசெல்லப்பட்ட அடிமைகள் பலர்.