யாரை நம்புவது? கைத்துப்பாக்கி மன்ற விதிகளின் வரலாறும் மொழியும்

1878ஆம் ஆண்டு, லிட்டன் பிரபுவின் ஆட்சியில், இரண்டு சட்டங்கள் இயற்றப்பட்டன. ஒன்று வட்டார மொழிப் பத்திரிகைச் சட்டம். மற்றொன்று இந்திய ஆயுதச் சட்டம். மொழியியல் பயின்றோர் முதலாவதை நன்கு அறிவோம். இந்திய மொழி இதழ்களுக்கு ஒரு நீதி, ஆங்கில இதழ்களுக்கு வேறொரு நீதி என்று வகுத்த சட்டம் அது. அமிர்த பஜார் பத்திரிகா ஆங்கில இதழாக உருமாறியதும் அதன் விளைவே. இரண்டாவது சட்டத்தை நாம் அதனோடு சேர்த்து வாசிப்பதில்லை. ஆயினும் இரண்டின் இலக்கணமும் ஒன்றுதான். முதலாவது, பேச்சின் தன்மையைப் பாராமல் பேசும் மொழியைப் பார்த்தது. இரண்டாவது, ஆயுதம் கையாளப்படும் முறையைப் பாராமல் கையாள்பவரின் பிறப்பைப் பார்த்தது.

ஆயுதச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, விலக்களிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. அதன்கீழ் அமைந்த விதிகள் ஐரோப்பியர் முதலானோரை உரிமம் பெறும் கடமையிலிருந்து விடுவித்தன. இந்தியர் உரிமத்திற்கு விண்ணப்பித்துக் காத்திருந்தனர். 1885இல் தன்னார்வப் படைகளில் தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு இந்தியர் எழுப்பிய கோரிக்கையை அரசு ஏற்கவில்லை. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரியது. விலக்குகளிலிருந்த இன வேறுபாட்டை 1920ஆம் ஆண்டின் விதிகள்தாம் நீக்கின. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், ‘இவர் கையில் துப்பாக்கி இருக்கலாமா?’ என்ற கேள்விக்கான விடையைப் பிறப்பே சொல்லிவந்தது.

இன்று ஒரு கைத்துப்பாக்கி மன்றத்தின் சுவரில் தொங்கும் பாதுகாப்பு விதிப் பலகையை இந்தப் பின்னணியில் வாசித்தால், அது வெறும் எச்சரிக்கைப் பட்டியலாகத் தோன்றாது. நம்பிக்கையை எதன்மீது வைப்பது என்ற நெடுங்கேள்விக்கு ஒரு சமூகம் கண்டடைந்த விடையாகத் தோன்றும். அந்த விடையின் வரலாற்றையும், அது பேசப்படும் மொழியையும் இக்கட்டுரை பேச முயல்கிறது.

சுடுதல் மன்றம் என்னும் அமைப்பின் பிரித்தானிய மரபு 1859இல் தொடங்குகிறது. பிரெஞ்சுப் படையெடுப்பு குறித்த அச்சத்தில் தன்னார்வப் படைகள் பெருகிய அவ்வாண்டில் அங்கே தேசிய ரைஃபிள் சங்கம் நிறுவப்பட்டது. 1860 ஜூலையில் விம்பிள்டனில் நடந்த அதன் முதல் போட்டியை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தார். விட்வொர்த் துப்பாக்கி ஒரு தாங்கியில் அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. குறி முன்னரே சரிபார்க்கப்பட்டிருந்தது. விசையோடு கட்டிய ஒரு கயிற்றை அரசி இழுத்தார்; நானூறு கஜத்திற்கு அப்பாலிருந்த இலக்கின் நடுப்பகுதியில் குண்டு பாய்ந்தது. பாதுகாப்பு என்ற கோணத்தில் பார்த்தால், ஒருவர் பிழை செய்வதற்கான வாய்ப்பையே முற்றாக நீக்கிவிட்ட ஏற்பாடு அது. அரசிக்கு அது பொருந்தும். ஆயிரம் உறுப்பினர்கள் கூடும் மன்றத்திற்கு அது பொருந்தாது. அங்கே துப்பாக்கி மனிதக் கைகளில்தான் இருக்கும். ஆகவே தாங்கியின் வேலையை விதி செய்ய வேண்டியதாயிற்று.

விடுதலைக்குப் பின் இந்தியாவில் 1951இல் தேசிய ரைஃபிள் சங்கம் உருவானது. பின்னர் முதல் மக்களவையின் தலைவரான ஜி.வி. மாவ்லங்கர் அதன் முதல் தலைவர். 1948 டிசம்பரில், ஆயுதம் தாங்கும் உரிமையை அடிப்படை உரிமைகளுள் சேர்க்க வேண்டும் என்று எச்.வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் வாதிட்டார். 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானத்திலேயே அவ்வுரிமை இடம்பெற்றிருந்தது. அம்பேத்கர் அத்திருத்தத்தை ஏற்கவில்லை. அந்நிய அரசு மக்களை நிராயுதபாணிகளாக்கிய சூழலில் எழுந்த கோரிக்கை அது; சொந்த அரசமைப்பில் அதற்கு அதே பொருள் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். பிறப்பால் வரும் தகுதியும் வேண்டாம், எல்லார்க்கும் தானாக வரும் உரிமையும் வேண்டாம். அப்படியானால் நடுவே இருப்பது எது?

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இதற்கு ஒரு விடை தருகிறது. அதன் 13ஆம் பிரிவைக் கூர்ந்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இலக்குப் பயிற்சிக்கான .22 ரைஃபிளுக்கோ காற்று ரைஃபிளுக்கோ உரிமம் கேட்பவர், அரசால் அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் மன்றத்தின் ‘உறுப்பினர்’ என்றால், சட்டம் அவரைத் தனி வகையாக நடத்துகிறது. ஏனையோர் தம் தேவைக்குத் ‘தக்க காரணம்’ இருப்பதாக அதிகாரியை நிறைவுகொள்ளச் செய்ய வேண்டும். ‘உறுப்பினர்’ என்ற சொல் இங்கே ஒரு சட்டத் தகுதியாகிவிடுகிறது. இன்னாருக்குப் பிறந்தவர் என்ற இடத்தில், இன்ன ஒழுங்குக்கு உட்பட்டவர் என்பது வந்து அமர்கிறது. அந்தச் சலுகை வரியில் ரைஃபிள் உண்டு. பிஸ்டல் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஏன் இல்லை? இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்பது எல்லாரும் அறிந்த காரணம். சுடுதளத்தில் நிற்பவருக்கு வேறொரு காரணமும் தெரியும். ரைஃபிளின் குழல் நீளமானது. இரு கைகளும் தோளும் அதைத் தாங்குகின்றன. அதன் வாயைத் திசை திருப்ப உடம்பே திரும்ப வேண்டும். கைத்துப்பாக்கியைத் திருப்ப மணிக்கட்டு போதும். பின்னாலிருந்து யாரோ பெயர் சொல்லி அழைக்க, ‘என்ன?’ என்று திரும்பும் அந்த இயல்பான அசைவில், குழல்வாய் அருகில் நிற்கும் நால்வரைக் கடந்துவிடும். அதோடு விசையின் எடையும் உண்டு. பன்னாட்டு விதிகளின்படி 10 மீட்டர் காற்றுப் பிஸ்டலின் விசைக்குக் குறைந்த அளவு 500 கிராம். 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். திடுக்கிட்டால் விரல்கள் தாமாக மடங்கும் விசைக்கு முன் இவை சிறிய அளவுகள். குறி இலக்கில் படியும்வரை விரல் விசைக்கூட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்ற விதி, சுடுபவரின் நல்லெண்ணத்தை ஐயுறுவதன்று. அவருடைய நரம்புகளை அறிந்து எழுதப்பட்டது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விதிகளைச் சுருக்கி நான்காகத் தொகுத்தவர் அமெரிக்கர் ஜெஃப் கூப்பர். முன்னாள் கடற்படைத் தரைவீரர். 1976இல் அரிசோனாவில் பிஸ்டல் பயிற்சிக் கழகம் நிறுவியவர். எந்தத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரம்பியதே. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல்வாய் படியக்கூடாது. குறி படியும்வரை விசையில் விரல் கூடாது. இலக்கு எது, அதன் பின்னால் இருப்பது எது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். இந்நான்கில் முதலாவது மொழியியலாளரைச் சற்றே நிறுத்தும். மற்ற மூன்றும் கட்டளைகள். முதலாவது ஒரு செய்தி வாக்கியம். பெரும்பாலான வேளைகளில் பொய்யான வாக்கியமும் கூட. மேசைமேல் கிடக்கும் துப்பாக்கி காலியாகவே இருக்கும். ‘நிரம்பியதாகக் கருதுக’ என்று கட்டளையாக மாற்றினால் உண்மைக்குப் பொருந்திவிடும். ஆனால் கருதுவது ஒரு பாவனை; ‘உண்மையில் காலிதானே’ என்ற எண்ணம் அதன் அடியில் ஒளிந்திருக்கும். கூப்பர் தம் விதியைப் பாவனையாக அன்றி உண்மையாகவே சொன்னார். ‘காலி என்று நினைத்தேன்’ என்ற வாக்கியத்தை யாரும் சொல்ல முடியாதபடி செய்வதே அதன் நோக்கம்.

பன்னாட்டுச் சுடுதல் கூட்டமைப்பின் விதிகள் இதையே பொருளாக மாற்றி வைத்திருக்கின்றன. சுடும் நேரம் தவிர மற்ற நேரங்களில் ஒளிரும் ஆரஞ்சு போன்ற நிறத்துப் பாதுகாப்புக் கொடி ஒன்று துப்பாக்கிக்குள் செருகப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கி காலியாக இருப்பதை உரியவரின் சொல் நிறுவ முடியாது. பிறர் கண்ணால் காணும் அடையாளமே நிறுவ வேண்டும். சுடுகோட்டுக்கு முன்னே ஆள் இருக்கையில் துப்பாக்கியைத் தொடக்கூடாது. காலித் துப்பாக்கியையும் தொடக்கூடாது. ஒலிம்பிக் பதக்கம் வென்றவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் இதில் வேறுபாடில்லை. 1878ஆம் ஆண்டின் சட்டத்தை நினைவிற்கொண்டு இதை வாசிக்க வேண்டும். அங்கே சிலரை முற்றாக நம்பினார்கள், பலரை நம்பவே இல்லை. இங்கே ஒருவரையும் நம்புவதில்லை. அதனாலேயே எல்லாரும் அருகருகே நிற்க முடிகிறது.

ஆயினும் சுடுதளத்தின் ஒழுங்கை மட்டும் நம்பிவிடலாகாது என்பதற்கு 1996 மார்ச் 13 சான்று. ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் பதினாறு குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொன்றவன் சுடுதல் மன்றங்களில் பழகியவன். அவன் ஏந்திய கைத்துப்பாக்கிகள் உரிமம் பெற்றவை. கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை, உரிமம் பெறுபவரின் தகுதியை ஆராயும் முறையையும் மன்றங்களின் பொறுப்பையும் கேள்விக்குள்ளாக்கியது. 1997இல் பிரித்தானிய நாடாளுமன்றம் இரண்டு சட்டங்களை அடுத்தடுத்து இயற்றி, .22 உட்படத் தனியார் கைத்துப்பாக்கிகளைப் பெருமளவில் தடை செய்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிஸ்டல் போட்டிகளைத் தனி அனுமதி கொண்டே நடத்த வேண்டியிருந்தது. ரைஃபிள் சங்கத்தைத் தோற்றுவித்த நாட்டில் பிஸ்டல் மன்றம் ஏறக்குறைய மறைந்துபோனது இவ்வாறுதான். குழல்வாய் எத்திசையில் இருக்கிறது என்பதைப் பார்த்தால் மட்டும் போதாது, பக்கத்தில் நிற்பவரின் மனம் எத்திசையில் செல்கிறது என்பதையும் சக உறுப்பினர் கவனிக்க வேண்டும் என்பதே அந்நிகழ்வு விட்டுச்சென்ற கடினமான பாடம். உறுப்பினர் நடத்தை விதிகள் என்று மன்றங்கள் எழுதி வைப்பவற்றின் கனம் இங்கேதான் இருக்கிறது.

இந்தியச் சட்டமும் நடத்தையின் பக்கம் நகர்ந்திருக்கிறது. திருமண ஊர்வலங்களில் வானை நோக்கிச் சுடும் வழக்கத்தை 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. பிறர் உயிருக்கு ஆபத்து நேரும்படி கொண்டாட்டத்தில் சுடுபவருக்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அங்கே மீறப்படுவது கூப்பரின் நான்காம் விதி. வானத்திற்குப் பின்னால் இருப்பது யாருடைய மொட்டை மாடி என்று சுட்டவருக்குத் தெரியாது.

இனி, மொழியைப் பற்றி. என்.சி.சி.யில் பயின்றவர்கள் அணிவகுப்பின் இந்திக் கட்டளைகளை மறந்திருக்க மாட்டார்கள்: ‘தேஜ் சல்’, ‘தாஹினே முட்’, ‘தம்’. இவை மரியாதை விகுதி ஏதுமற்ற வெறும் வினையடிகள். நடைமுறை இந்தியில் ‘ருக்’, ‘ருகோ’, ‘ருகியே’ என மூன்று படிகள் உண்டு. படையில் முதற்படி போதும். ஏனெனில் அங்கே கட்டளை மேலிருந்து கீழே மட்டுமே பாய்கிறது. மன்றம் அவ்வாறானதன்று. ஆபத்தான நிலையைக் காணும் வீரர் எவரும் அதை உடனே தெரிவித்தாக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. பதினான்கு வயதுச் சிறுமி, ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரைப் பார்த்து உரத்த குரலில் நிறுத்தச் சொல்ல வேண்டிய கணம் வரலாம். அங்கே கட்டளை கீழிருந்து மேலே பாய வேண்டும்.

தமிழில் அவள் எதைச் சொல்வாள்? ‘நிறுத்து’ என்றால் மரியாதைக் குறைவு, நா எழாது. ‘நிறுத்துங்கள் ஐயா’ என்பதற்குள் காலம் கடந்துவிடும். ‘நிறுத்தவும்’ என்பது பலகையில் எழுதும் வடிவம். யாரும் வாய்விட்டுக் கத்துவதில்லை. ஆங்கிலக் கட்டளைகள் நம் சுடுதளங்களில் நிலைத்திருப்பதற்குக் காலனிய வழக்கத்தின் எச்சம் மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. ‘ஸ்டாப்’ என்ற சொல் நம் வாயில் வினையாக இல்லை. நீ, நீங்கள் என்ற வேறுபாட்டுக்கு அப்பால் நிற்கும் ஓர் ஒலியாகிவிட்டது. தமிழுக்கும் இத்தகைய இடம் அயலானதன்று. ‘பாம்பு!’ என்று கத்துபவரிடம் யாரும் மரியாதை எதிர்பார்ப்பதில்லை. ஆபத்தில் தமிழ் வினையை விட்டுப் பெயர்ச்சொல்லைப் பற்றிக்கொள்கிறது. பெயர்ச்சொல்லில் முன்னிலை இல்லை, எனவே படிநிலையும் இல்லை.

கட்டளை ‘ஸ்டாப்’ ஆகவே இருக்கட்டும். அதன் காரணம் ஆங்கிலத்திலேயே இருந்துவிடக் கூடாது. விதிகளை எழுதத் தமிழில் அருமையான ஒரு வடிவம் உண்டு: ‘கூடாது’. தொடாதே என்பதும் தொடாதீர்கள் என்பதும் முன்னே நிற்பவரைச் சுட்டுகின்றன. ‘தொடக்கூடாது’ யாரையும் சுட்டுவதில்லை. சொல்பவரையும் சேர்த்தே கட்டுகிறது. எந்தப் பிறப்புக்கும் விலக்களிக்காத விதிக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் இல்லை. சிற்றூர்களிலிருந்து மாணவர்கள் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்கு வந்துகொண்டிருக்கும் காலம் இது. அவர்கள் பொருளறியாமல் ஒப்பிக்கும் விதி, அவர்கள் திடுக்கிடும் கணத்தில் உதவிக்கு வராது. தம் மொழியில் ஏன் என்று கேட்டு, தம் மொழியில் விடை பெற்ற விதியே விரல்வரை இறங்கும்.

பயிற்சி முகாம்களிலோ பல்கலைக்கழக அணிகளிலோ சுட்டுப் பழகிய நண்பர்கள், உங்கள் சுடுதளத்தில் எந்த மொழியில் கட்டளைகள் வழங்கப்பட்டன, எந்த மொழியில் விளக்கங்கள் தரப்பட்டன என்பதைக் கீழே பதிவு செய்தால் மகிழ்வேன். இளையவர் ஒருவர் மூத்தவரை நிறுத்தச் சொன்ன நிகழ்வு இருந்தால், அவர் உச்சரித்த சொல் எது என்பதையும் சொல்லுங்கள்.