முற்றத்து அறிவுரை (சீன மரபுத்தொடர்)

முற்றத்து அறிவுரை என்பது தந்தை தன் பிள்ளைக்கு நேரில் அளிக்கும் கல்வியைக் குறிக்கும் சீன மரபுத்தொடர். சீன மொழியில் 'திங் சுன்' எனப்படும். 'முற்றத்தைக் கடக்கையில் பெற்ற அறிவுரை' என்ற பொருளில் 'குவோ திங் சி சுன்' என்றும் வழங்குகிறது. இத்தொடர் கன்பூசியஸுக்கும் (கி.மு. 551–479) அவர் மகனுக்கும் இடையே நடந்த ஓர் உரையாடலிலிருந்து உருவானது. அந்நிகழ்ச்சி, கன்பூசியஸின் உரைகளும் மாணவர்களின் நினைவுகளும் தொகுக்கப்பட்ட லுன் யூ நூலின் 16ஆம் பகுதியில் இடம்பெற்றுள்ளது.

பின்னணி

கன்பூசியஸின் மகனின் பெயர் லி. சீனத்தில் அது கெண்டை வகை மீனின் பெயர். மகன் பிறந்தபோது லூ நாட்டு அரசர் கெண்டை மீனைப் பரிசாக அனுப்பியதால் அப்பெயர் இடப்பட்டதாக மரபு கூறுகிறது. போயூ என்பது அவருடைய மற்றொரு பெயர். கன்பூசியஸிடம் பல குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்கள் பயின்றனர். அவர்களுடன் போயூவும் இருந்தார்.

முற்றத்தில் நடந்தது

சென் காங் என்பவர் ஒருநாள் போயூவிடம், மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத தனிப் பாடம் ஏதும் தந்தையிடம் கிடைத்ததா என்று கேட்டார். போயூ இல்லை என்றார். பின்னர் இரண்டு சந்திப்புகளை நினைவுகூர்ந்தார்.

ஒருமுறை தந்தை தனியே நின்றிருந்தார். பெரியவர்கள் முன் மரியாதையாக விரைந்து நடக்கும் வழக்கப்படி மகன் முற்றத்தைக் கடந்தார். பாடல்களைக் கற்றாயா என்று தந்தை கேட்டார். இன்னும் இல்லை என்று மகன் சொன்னார். பாடல்களைக் கல்லாதவனுக்குப் பேசும் திறன் வாய்க்காது என்றார் தந்தை. மகன் சென்று அவற்றைக் கற்றார். மற்றொரு நாள் அதே முற்றத்தில், சடங்கும் ஒழுக்கமுறையும் கற்றாயா என்ற கேள்வி வந்தது. அவற்றைக் கல்லாதவனுக்கு நிலைத்து நிற்க இடமில்லை என்றார் தந்தை. மகன் அவற்றையும் கற்றார். தனியாகக் கேட்டவை இவ்விரண்டுமே என்றார் போயூ.

ஒன்றைக் கேட்டு மூன்றை அறிந்ததாகச் சென் காங் மகிழ்ந்தார். பாடல்களின் பயன், ஒழுக்கமுறையின் பயன், சான்றோர் தம் மகனைச் சற்று விலக்கியே வைப்பர் என்பது ஆகியவையே அம்மூன்று.

விலக்கத்தின் பொருள்

சென் காங்கின் கேள்விக்குள் ஓர் ஐயம் இருந்தது. ஆசிரியர் தம் கல்வியின் சாரத்தை மகனுக்கென ஒதுக்கியிருப்பாரோ என்பதே அது. பாடல்களையும் ஒழுக்கமுறையையும் கன்பூசியஸ் எல்லா மாணவர்க்குமே வலியுறுத்தி வந்தார். எனவே போயூவின் விடை அந்த ஐயத்தைத் தீர்த்தது.

இந்த ஒரே அளவுகோல் லுன் யூவின் இன்னோரிடத்திலும் தெரிகிறது. அன்பு மாணவர் யான் ஹுய் இறந்தபோது, வெளிப்பேழை செய்வதற்காகக் கன்பூசியஸின் வண்டியைத் தருமாறு அவருடைய தந்தை கேட்டார். தம் மகன் லி இறந்தபோதும் உட்பேழை மட்டுமே இருந்தது என்று கூறிக் கன்பூசியஸ் மறுத்தார். போயூ தந்தைக்கு முன்பே இறந்துவிட்டார் என்பதை இச்செய்தியால் அறிகிறோம்.

பின்வந்த மென்சியஸ் இதற்கு வேறொரு காரணம் கூறினார். நல்வழியைக் கற்பிக்கும் தந்தை, மகன் அதைப் பின்பற்றாதபோது சினம் கொள்வார். தந்தையே அவ்வழியில் நடப்பதில்லையே என்று மகன் நினைப்பான். உறவு முறியும். அதனால் முன்னோர் பிள்ளைகளை மாற்றிக்கொண்டு கற்பித்தனர் என்றார். இதிலிருந்து 'யி சி எர் சியாவ்', அதாவது 'பிள்ளைகளை மாற்றிக் கற்பித்தல்' என்னும் தொடர் பிறந்தது. 6ஆம் நூற்றாண்டில் குடும்ப அறிவுரை நூல் எழுதிய யான் சிதுய், பழைய நூல்களில் தந்தையும் மகனும் வெளிப்படையாகப் பேச இயலாத செய்திகள் உள்ளதால் சான்றோர் நேரடியாகக் கற்பிக்கவில்லை என விளக்கினார்.

பிற்கால வழக்கு

தாங் காலக் கவிஞர் வாங் போ, தம் தந்தையைக் காணச் செல்லும் பயணத்தை முற்றத்தைக் கடத்தலாகக் குறிப்பிட்டார். 687இல் எழுத்துக்கலை பற்றிய புகழ்பெற்ற நூலை எழுதிய சுன் குவோதிங்கின் பெயரிலுள்ள 'குவோதிங்' என்பதற்கு முற்றத்தைக் கடத்தல் என்றே பொருள். சிங் வம்சப் பேரரசர் காங்சி தம் மக்களுக்குக் கூறிய அறிவுரைகளை, அவர் மகன் யோங்செங் 1730இல் 'திங் சுன்' என்ற சொல்லைத் தலைப்பில் கொண்ட நூலாகத் தொகுத்தார்.

ஜப்பானில் இச்சொல் 'தெய்கின்' ஆயிற்று. மாதவாரியாக அமைந்த கடிதங்களைக் கொண்ட தெய்கின் ஓராய் என்னும் பாடநூல், எதோ காலத்தில் (1603–1868) தெராகோயா எனப்பட்ட பள்ளிகளில் பொதுமக்களின் பிள்ளைகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பிக்கப் பயன்பட்டது.

மகனுக்கெனத் தனிப் பாடம் இல்லை என்பதே மூலக் கதையின் செய்தி. காலப்போக்கில் அத்தொடர், குடும்பத்துக்குள் தந்தை அளிக்கும் தனிக் கல்வியின் பெயராயிற்று. அரண்மனைப் பிள்ளைகளின் அறிவுரை நூலுக்குச் சூட்டப்பட்ட சொல்லே, ஜப்பானில் எல்லோர்க்குமான பாடநூலின் பெயரிலும் நிலைத்தது.