பால்வாடியும் ப்ளே ஸ்கூலும்

எங்கள் தெருமுனையில் ஒரு பால்வாடி. நாலு வீடு தள்ளி ஒரு ப்ளே ஸ்கூல். பால்வாடிக்குப் பலகையில் அங்கன்வாடி மையம் என்று பெயர் இருக்கிறது, ஆனால் தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. ஒன்றில் கட்டணமே கிடையாது. இன்னொன்றின் ஆண்டுக் கட்டணத்துக்கு நகை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். காசு வாங்குகிற இடம்தான் தரமான இடம் என்று தெரு முடிவு கட்டிவிட்டது.

முதலில் சோறு. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் பால்வாடிச் சின்னப் பிள்ளைகளையும் சேர்த்தே தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் உள்ள 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களில் மதியம் சூடான சாப்பாடு உண்டு, முட்டை உண்டு. பிள்ளையை எடை பார்த்து எழுதுகிறார்கள். இளைத்தால் டீச்சர் வீட்டுக்கே வந்து கேட்பார். ப்ளே ஸ்கூலில் டிபன் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது வீட்டின் கவலை. பிஸ்கட் பாக்கெட்டாக இருந்தாலும் கேட்க ஆளில்லை.

ஆள் நிலைத்திருப்பதிலும் பால்வாடியே மேல். அந்த டீச்சர் இருபது வருஷமாக அங்கேயே இருக்கிறார். இப்போது பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களில் சிலர் அவரிடமே அ, ஆ படித்தவர்கள். ப்ளே ஸ்கூலில் என் தம்பி மகள் படித்த ஒரே வருஷத்தில் மூன்று மிஸ் மாறினார்கள். சம்பளம் அப்படி. ஒவ்வொரு தடவையும் அவள் வாசலில் புதிதாக அழுதாள்.

ஆனால் பதினொரு மணிக்குப் பால்வாடிக்குள் போய்ப் பாருங்கள். டீச்சர் போனில் எடை விவரங்களைப் பதியும் 'போஷன் டிராக்கர்' செயலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். தேர்தல் நேரமென்றால் வாக்காளர் பட்டியல் வேலையும் அவர் தலையில் விழும். உதவியாளர் அடுப்படியில். 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற நல்ல பாடத்திட்டம் கையில் இருக்கிறது. அதை நடத்தத்தான் ஆளில்லை.

அதே பதினொரு மணிக்கு ப்ளே ஸ்கூலில் பிள்ளைகளோடு இரண்டு மிஸ் இருக்கிறார்கள். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைகள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து புள்ளிகளை இணைத்து 'ஏ' எழுதுகிறார்கள். பென்சிலை விரலால் பிடிக்க வராத பிள்ளை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்திருக்கிறது. மிஸ் அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறார். அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்பவர்கள் நாம்தானே! அசாம், ராஜஸ்தான், தெலங்கானாவில் சுமார் 14,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வும் இதையே கண்டது: தனியார் மழலையர் பள்ளிகள் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பையே கீழே இழுத்து வைத்திருக்கின்றன. விளையாட்டு வழியே கற்ற பிள்ளைகளே பள்ளிக்கு நன்கு தயாராகி வந்தார்கள்.

ஆக, ஓரிடத்தில் முறை இருக்கிறது, ஆளில்லை. மற்றதில் ஆள் இருக்கிறது, முறையில்லை. இதில் எது சுலபமாகத் தீரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சோதனை நடந்திருக்கிறது. நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதிக்கு மட்டும் அரைநாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரை அமர்த்தினார்கள். பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதத்தில் அங்கேயே தொடர்ந்த பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறினார்கள். வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமையும் கடுமையான ஊட்டக்குறைவும்கூடக் குறைந்தன. புதுக் கட்டடம் கட்டவில்லை, ஆங்கிலம் புகுத்தவில்லை. ஓர் ஆள், அவ்வளவுதான்.

பிள்ளையோடு பேச ஓர் ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் பால்வாடியிலேயே பார்த்தேன். போன மாதம் உதவியாளரம்மா முட்டை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் பக்கத்தில் குந்தி, "இது உடைஞ்சிருக்கு ஆயா, இதை எண்ணலாமா?" என்று கேட்டான். அவர் கையை நிறுத்திவிட்டு, "நீயே சொல்லு, எண்ணலாமா வேணாமா?" என்றார். இருவரும் அதைப் பற்றி நன்றாகவே வாதாடினார்கள். சாப்பாடு ஐந்து நிமிஷம் தாமதம்.

பிள்ளையைச் சேர்க்க இடம் தேடுகிறவர்கள் சுவரில் இருக்கும் மிக்கி மவுஸைப் பார்க்க வேண்டாம். பதினொரு மணிக்குப் போய், தரையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பெரியவர் எத்தனை பேர் என்று மட்டும் எண்ணிவிட்டு வாருங்கள்.