உபிக் மொழியின் இறுதிக் குரல்

1992 அக்டோபர் 7ஆம் நாள் துருக்கியில் தவ்ஃபீக் எசென்ச் என்னும் முதியவர் காலமானார். 1904இல் பிறந்த அவர், ஹாஜி உஸ்மான் என்னும் சிற்றூரின் தலைவராகவும் பின்னர் இஸ்தான்புல்லில் அரசு ஊழியராகவும் பணியாற்றியவர். அவரோடு உபிக் மொழியும் மறைந்தது என வரலாறு எழுதுகிறது. ஒரு மொழியின் முடிவை ஒரு மனிதரின் மரணத்தோடு பிணைத்து நினைவுகூரும் இவ்வழக்கம் எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

உபிக் மக்கள் கருங்கடலின் வடகிழக்குக் கரையில், இன்றைய சோச்சி நகரைச் சூழ்ந்த பகுதியில் வாழ்ந்த முஸ்லிம்கள். உஸ்மானியப் பயணி எவ்லியா செலபி 17ஆம் நூற்றாண்டிலேயே இம்மொழியின் சொற்கள் சிலவற்றைத் தம் பயண நூலில் பதிந்துவைத்தார். காக்கேசியாவை வெல்ல ரஷ்யப் பேரரசு நடத்திய நீண்ட போர் 1864இல் முடிவுற்றபோது, இம்மக்கள் ஏறத்தாழ முழுமையாகவே தாயகத்தை இழந்து உஸ்மானிய மண்ணுக்குக் கப்பலேறினர். சர்க்காசிய அகதிகள் பல்லாயிரவர் பசிக்கும் நோய்க்கும் இரையாயினர்.

எஞ்சியோருக்குப் புகலிடம் கிடைத்தது, மார்க்கமும் பாதுகாக்கப்பட்டது. மொழிக்கோ இடம் கிடைக்கவில்லை. சிதறிக் குடியேறிய அவர்கள், எண்ணிக்கையில் மிகுந்த பிற சர்க்காசியரோடு அதிகே மொழியிலும், ஏனையோரோடு துருக்கியிலும் பேசினர். குடியரசுக் காலப் பள்ளிகள் துருக்கி மொழியிலேயே கற்பித்தன. பாட்டனார், பாட்டியாரிடம் வளர்ந்ததனால் எசென்ச் உபிக் மொழியைக் கற்றார். அவருடைய புதல்வர்களுக்கோ அது பேச்சுமொழியாகவில்லை.

எண்பதுக்கும் மேற்பட்ட மெய்யொலிகளும் மிகச் சில உயிரொலிகளும் கொண்ட இவ்வரிய மொழியைப் பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் துமேசில் 1930களிலிருந்து ஆராய்ந்தார். நார்வே அறிஞர் ஹான்ஸ் ஃபோக்ட் 1963இல் அதன் அகராதியை வெளியிட்டார். எசென்ச் பொறுமையுடன் வழங்கிய கதைகளும் விளக்கங்களும் ஒலிப்பதிவுகளுமே இன்று நம்மிடம் எஞ்சியுள்ள செல்வத்தின் பெரும்பகுதி.

எனினும் 'இறுதியானவர்' என்னும் பட்டம் எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. 1777இல் மறைந்த டாலி பென்ட்ரீத் கார்னிஷ் மொழியின் கடைசிப் பேச்சாளர் எனப் புகழ்பெற்றார்; 1860இல் அவருக்கு நினைவுக்கல்லும் எழுப்பப்பட்டது. ஆனால் அவருடைய ஊரைச் சேர்ந்த மீனவர் வில்லியம் போடினார் அம்மொழியில் எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. அவர் மறைந்தது 1789இல். ஆகவே அறிஞர் எவரைச் சந்தித்தாரோ அவரே பல வேளைகளில் இறுதியானவர் ஆகிறார். சந்திக்கப்படாதோர் பெயரின்றி மறைகின்றனர்.

உபிக் எப்போது இறந்தது என வினவினால் 1992 என்று விடை கூறலாம். எவ்வாறு இறந்தது என வினவினாலோ 1864இன் கடற்கரையிலிருந்துதான் தொடங்க வேண்டும். பின் வந்த ஒவ்வொரு வீட்டின் முற்றத்தையும் கடந்துவர வேண்டும். கடைசி மனிதரை மட்டும் நினைவுகூரும் வரலாறு, மொழியின் மறைவை முதுமையால் வந்த இயற்கை மரணமாக்கிவிடுகிறது. துரத்தியவர்கள் அதில் இல்லை. கப்பலில் மாண்டவர்களும் இல்லை. பிள்ளையின் நலன் கருதித் தன் மொழியை அடக்கிக்கொண்ட தாயும் இல்லை. எசென்ச்சைப் போற்றுவோம். ஆனால் அவரைத் தனியொருவராக்கிய வரலாற்றையும் அவரோடு சேர்த்தே நினைவில் கொள்வோம்.