மயில் (கதாபாத்திரம்)

மயில், 1977 செப்டம்பர் 15 அன்று வெளிவந்த '16 வயதினிலே' திரைப்படத்தின் நாயகி. படத்தை எழுதி இயக்கியவர் தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா. மயிலாக நடித்தவர் ஸ்ரீதேவி. தவறு எதுவும் செய்யாமலே 'கெட்டுப்போனவள்' என்று ஊர் வாயில் விழுந்து, அந்தப் பேச்சுக்குத் தாயையும் நிச்சயமான கல்யாணத்தையும் பறிகொடுத்து, பிறகும் ஊரைவிட்டு ஓடாமல் அங்கேயே வாழ்ந்த பெண் என்பதால் தமிழ்த் திரையில் இவளுக்குத் தனி இடம் உண்டு.

பாவம், ஊரறிந்த அவமானம், அதற்கு நடுவே தலைநிமிர்ந்து நிற்கும் பெண் என்றால் உலக இலக்கியத்தில் முதலில் சொல்லப்படுபவள் ஹெஸ்டர் பிரின். நத்தானியல் ஹாதார்ன் 1850-இல் எழுதிய 'தி ஸ்கார்லெட் லெட்டர்' நாவலின் நாயகி. பதினேழாம் நூற்றாண்டு பாஸ்டனில், மதக் கட்டுப்பாடு மிகுந்த பியூரிட்டன் சமூகம் அவளைக் கைக்குழந்தையோடு மேடையில் ஏற்றி நிறுத்துகிறது. மார்பில் சிவப்பு 'ஏ' எழுத்தைக் காலமெல்லாம் அணியச் சொல்கிறது. குழந்தையின் தகப்பனான பாதிரியாரோ வாய் திறப்பதில்லை. தமிழில் இவளுக்கு நிகர் என்றால் ஜெயகாந்தனின் கங்கா நினைவுக்கு வருவாள். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் கெடுக்கப்பட்டு வந்த மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி 'நீ சுத்தமாகிவிட்டாய்' என்று தேற்றும் தாயை எழுதிய ஜெயகாந்தன், பின்னர் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் அதே தாய் விஷயத்தை வெளியே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தார். ஆனால் கங்காவின் கதை சென்னை நகரத்தின் நடுத்தரக் குடும்பத்துக் கதை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊரில் ஒரு பெண்ணின் பெயர் எப்படிக் கெடுகிறது என்பதைக் காட்டியவள் மயில்தான்.

தோன்றிய விதம்

பாரதிராஜா சினிமாவுக்கு வருமுன் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர். படத்துக்கு இசை அமைத்த இளையராஜாவும், 'செந்தூரப் பூவே' பாடலை எழுதிய கங்கை அமரனும் பாரதிராஜா வளர்ந்த அதே கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்துக்காரர்கள். முதலில் 'மயில்' என்ற பெயரில், அரசு நிதியுதவியோடு கறுப்பு வெள்ளையில் எடுக்கத் திட்டமிட்ட கதை இது. அது கைகூடாமல் போக, தயாரிப்பாளர் எஸ். ஏ. ராஜ்கண்ணு முன்வந்தார், படம் வண்ணத்துக்கு மாறியது. ஒரு வேடிக்கை: மதுரை, தேனிப் பக்கத்துப் பேச்சு மணக்கும் இந்தப் படத்தின் பெரும்பகுதி கர்நாடகத்தின் மைசூர், கொள்ளேகால் வட்டாரத்தில் எடுக்கப்பட்டது. ஸ்டுடியோ செட்டுக்குள் அடைந்து கிடந்த தமிழ் சினிமா கிராமத்து வெயிலுக்கு வந்ததற்கு இந்தப் படத்தைத்தான் அடையாளம் காட்டுவது வழக்கம். படப்பிடிப்பின்போது ஸ்ரீதேவிக்குப் பதினாறுகூட நிரம்பவில்லை. அவர் பிறந்தது 1963 ஆகஸ்டில்.

கதையில் மயில்

பத்தாம் வகுப்பு தேறிய மயிலுக்கு டீச்சராக வேண்டும், படித்த மாப்பிள்ளை வேண்டும். வீட்டில் எடுபிடியாக இருக்கும், கால் ஊனமான சப்பாணியை (கமல்ஹாசன்) அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஊருக்கு வரும் கால்நடை டாக்டரிடம் மனதைக் கொடுக்கிறாள். அவனுக்காக டீச்சர் பயிற்சிக்குப் போகும் வாய்ப்பையும் விடுகிறாள். அவன் எல்லை மீற முயலும்போது மறுத்துவிடுகிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்ளப் போய்விடுகிறான்.

நடந்தது அவ்வளவுதான். ஊரில் பேசப்பட்டது வேறு. வேலைவெட்டி இல்லாமல் திரியும் பரட்டை (ரஜினிகாந்த்), மயிலையும் டாக்டரையும் சேர்த்துக் கதை கட்டிவிடுகிறான். நிச்சயமான சம்பந்தம் முறிகிறது. தாய் குருவம்மாள் (காந்திமதி) அந்த அதிர்ச்சியிலேயே இறந்துபோகிறாள். இங்கே பஞ்சாயத்து கூடவில்லை, யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. கழுதைமேல் ஏற்றிக் கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊர்வலம் விடும் தண்டனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. பாஸ்டனின் சிவப்பு எழுத்துக்கு நம் ஊர்ப் பதில் அது. மயிலுக்கு அந்தப் புள்ளிகள்கூடத் தேவைப்படவில்லை. ஹெஸ்டரின் எழுத்தைக் கழற்றி வைக்கவாவது முடியும்; வாயிலிருந்து கிளம்பிய பேச்சைக் கழற்ற வழியில்லை.

அதன்பிறகுதான் மயில் மாறுகிறாள், கூடவே சப்பாணியையும் மாற்றுகிறாள். உன் பெயர் கோபாலகிருஷ்ணன், சப்பாணி என்று கூப்பிட்டால் கன்னத்தில் அறை என்று சொல்லிக்கொடுக்கிறாள். அவன் அறைகிறான், பரட்டையை, பிறகு அந்த டாக்டரையும். பட்டப்பெயராலேயே ஒருவனை ஊனப்படுத்திய ஊர்தான் பேச்சாலேயே அவளையும் ஊனப்படுத்தியது. அதைக் கண்டுகொண்டவள் அவள் ஒருத்தி மட்டுமே. அவனையே கட்டிக்கொள்ள முடிவுசெய்து, தாலி வாங்க அனுப்புகிறாள். அந்த நேரம் பார்த்துப் பரட்டை அவளைப் பலாத்காரம் செய்ய வர, திரும்பி வந்த சப்பாணி கல்லால் அடித்து அவனைக் கொல்கிறான். சிறை. படம் தொடங்குவதும் முடிவதும் ரயில் நிலையத்தில். ரயில் வரும் திசையைப் பார்த்தபடி மயில் நிற்கிறாள்.

மயிலுக்குப் பின்

அடுத்த ஆண்டே வந்த பாரதிராஜாவின் 'கிழக்கே போகும் ரயில்' (1978) படத்தில் பாஞ்சாலி (ராதிகா) ஊர் முழுவதின் கண்ணுக்கும் இலக்காகிறாள். பெருமழையில் ஊர் தத்தளிக்கும்போது, கன்னிப்பெண் ஒருத்தி ஆடையின்றி ஊரைச் சுற்றி வந்தால் தெய்வம் குளிரும் என்று முடிவாகிறது. கை நீள்வது அவளை நோக்கி. அவளுடைய காதலனான நாவிதர் மகன் பரஞ்சோதி ரயிலின் கடைசிப் பெட்டியில் அவளுக்கு எழுதி அனுப்பும் சேதிகள்தான் படத்தின் அழகு. அந்த ரயிலேறியே இருவரும் தப்புகிறார்கள். மயில் காத்து நின்றாள், பாஞ்சாலி ஏறிப் போனாள்.

பாரதிராஜாவின் 'முதல் மரியாதை' (1985) இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டது. கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமான பொன்னாத்தாவை (வடிவுக்கரசி), மாமனின் மானம் காக்கக் கட்டிக்கொள்கிறார் மலைச்சாமி (சிவாஜி கணேசன்). ஒரு தாலி பொன்னாத்தாவின் ரகசியத்தை மூடிவிடுகிறது; ஊர் அவளை ஒன்றும் கேட்பதில்லை. பேச்சுக்கு ஆளாவது, பெரியவரோடு மனம் ஒட்டிப் பழகும் பரிசல்காரப் பெண் குயில் (ராதா). சுத்தமாக நடந்தவள்மேல் சேறும், மறைத்தவளுக்குக் கௌரவமும் என்கிற இந்தக் கணக்கு மயிலின் கதையைவிடக் கசப்பானது. இந்தப் படத்தின் பாடல்களுக்குத் தேசிய விருது பெற்ற வைரமுத்துவும் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிக்காரர்.

மயில் தெலுங்கில் 'பதஹாரேள்ள வயசு' (1978), இந்தியில் 'சோல்வா சாவன்' (1979) என்று உருமாறினாள். மூன்றிலும் ஸ்ரீதேவியே நடித்தார். இந்திப் படத்தை பாரதிராஜாவே இயக்கினார், ஓடவில்லை. 'செந்தூரப் பூவே' பாடியதற்காக எஸ். ஜானகிக்கு முதல் தேசிய விருது கிடைத்தது.

பள்ளத்தாக்கின் இன்னொரு பெண்

கம்பம் பள்ளத்தாக்கின் தென்மேற்கு விளிம்பில், கேரள எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமி அன்று ஒருநாள் மட்டும் திறக்கும். கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து காட்டு வழியே சனம் மலையேறும். கற்பின் தெய்வம் குடியிருக்கும் மலை என்று கும்பிடும் அதே பள்ளத்தாக்கில்தான் மயிலை எழுதியவர் வளர்ந்தார். கண்ணகியையும் மயிலையும் எதிரெதிரே நிறுத்துவது எளிது, ஆனால் சரியல்ல. கண்ணகி மதுரை அவையில் ஒற்றைச் சிலம்போடு நின்று, தவறான தீர்ப்புச் சொன்ன அரசனைக் குனியவைத்தவள். மயிலிடம் உடைத்துக் காட்டச் சிலம்பு இல்லை. அவளிடம் இருந்தது கோபாலகிருஷ்ணன் என்ற ஒரு பெயர்தான்.