உயிரோடு ஒரு தும்பி

சங்கப் பாடல்களில் தும்பி என்றால் வண்டு. தேனுக்காகப் பூவைச் சுற்றுவது. நாமோ இலங்கையில் வேறொரு பூச்சியைத் தும்பி என்கிறோம். தமிழகத்தார் அதைத் தட்டான் என்பார்கள். நம்முடைய தும்பிக்குத் தேன் வேண்டாம். நுளம்பும் சிறு ஈயும்தான் அதன் சாப்பாடு. இந்தத் தும்பியை மனிதர் எப்படிப் பார்க்கப் பழகினார்கள் என்பதே இன்றைய பேச்சு.

புதுக்கடை நீதிமன்றங்களிலிருந்து சற்று நடந்தால் சென் செபஸ்தியன் கால்வாய். அதன் கரையோரப் புல்லில் செம்மஞ்சள் நிறத் தும்பியொன்று அடிக்கடி உட்கார்ந்திருக்கும். சிறகிலும் அதே நிறம் தேய்த்தாற்போல் படிந்திருக்கும். அழுக்குத் தண்ணீரிலும் பெருகக்கூடிய இனம் இது. டென்மார்க்கைச் சேர்ந்த பப்ரீசியஸ் 1793இல் இதற்கு வைத்த இலத்தீன் பெயரில் 'கொண்டாமினாட்டா' என்றொரு சொல் உண்டு. கறைபட்டது என்று பொருள். நமது கால்வாயைப் பார்த்துவிட்டு வைத்த பெயரோ என்று தோன்றும். ஆனால் அந்த மனிதர் இந்தப் பக்கம் வந்தவரல்லர். அவருக்கு முன்னால் இருந்தது ஊசியில் குத்திய உடல்.

தும்பியின் வரலாற்றில் பெரிய சிக்கலே அங்குதான். வண்ணத்துப்பூச்சி செத்தாலும் சிறகின் நிறம் பல்லாண்டு நிற்கும். தும்பி அப்படியல்ல. செத்த சில மணிநேரத்தில் கண்ணின் ஒளி அணைந்து கபிலமாகிவிடும், சிவப்பு மங்கும், பச்சை கறுக்கும். அசிற்றோனில் ஊறவைத்தால் நிறம் ஓரளவு தங்கும். ஆனால் சில இனங்களின் உடலில் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும் நீலப் பொடி அந்தத் திரவத்திலேயே கரைந்துவிடும். ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்று போகும்.

இறம்பொடையில் கோப்பித் தோட்டம் வைத்திருந்த நீட்னர் என்ற பிரஷ்யர் பூச்சிகளைச் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். கோனிக்ஸ்பெர்க்கிலிருந்த மருத்துவர் ஹாகன் அவற்றை ஆராய்ந்து, 1858இல் இலங்கைப் பூச்சிகளின் பட்டியலொன்றை வெளியிட்டார். உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இருந்தாலும், நம் ஓடையில் மின்னிய உயிர் ஒன்று கப்பலேறி, நிறமிழந்து, அங்கே பெயர் பெற்றது என்பதை மறக்க முடியவில்லை. பின்னர் இந்திய மருத்துவ சேவையிலிருந்த பிரேசர், தாமே காடுகளில் திரிந்து தும்பிகளைப் பிடித்து, இலங்கையையும் சேர்த்து மூன்று தொகுதிகள் எழுதினார். அவை 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன.

கமரா வந்ததும் நிலைமை மாறிவிடவில்லை. சாதாரண வில்லைக்குத் தும்பி ஒரு புள்ளி. ஜேர்மனியரான ஹைன்ஸ் கில்பிட்டின் மக்ரோ-கிலார் வில்லை 1955இல் வந்த பிறகுதான், 35 மில்லிமீற்றர் கமராவோடு பூச்சிக்கு மிக அருகில் போவது எளிதாயிற்று. அப்போதும் வேறொரு தொல்லை. அவ்வளவு கிட்டப் போனால் ஓரிரு மில்லிமீற்றர் ஆழம் மட்டுமே தெளிவாக விழும். கண் துலங்கினால் வால் மங்கும். ஆகவே படமெடுப்பவர் தும்பியின் பக்கவாட்டில், சிறகுக்கு நேராகக் கமராவைப் பிடிக்கவேண்டும். தன் நிழல் அதன் மேல் விழக்கூடாது. எழுந்து பறந்தாலும் பல இனங்கள் அதே குச்சிக்குத் திரும்பி வரும். பொறுமையுள்ளவனுக்கு அது ஒரு சலுகை. விடியற்காலையில், சிறகில் பனி காயுமுன் போனால் இன்னும் நல்லது.

டெரன்ஸ் டி பொன்சேகா இலங்கைத் தும்பிகள் பற்றி எழுதிய விரிவான நூல் 2000இல் வந்தது. 2007இல் வந்த சிறு கைந்நூல் முழுக்க நிழற்படங்களால் ஆனது. அதைப் புரட்டியபோது எனக்குப் பட்டது இதுதான்: ஹாகன் காணாத கண்களை இப்போது பாடசாலைப் பிள்ளை காண்கிறது.

கண் மட்டுமா? நண்பகல் வெயிலில் சில தும்பிகள் வாலைச் செங்குத்தாகச் சூரியனை நோக்கி உயர்த்தி நிற்கும். உடலில் வெயில் படும் பரப்பைக் குறைக்கும் உபாயம் அது. ஊசியில் குத்திய தும்பி இதைச் சொல்லுமா?

இந்த இடத்தில் எனக்கொரு கோபம் உண்டு. அழகான படம் வேண்டுமென்று பூச்சியைப் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, விறைத்ததும் எடுத்து, விரும்பிய பூவில் ஒட்டவைத்துப் படமெடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். படம் பரிசும் வாங்கும். தும்பி பூவுக்குத் தேன் தேடிப் போனதாகப் பார்ப்பவர் நம்புவார். பழைய சேகரிப்பாளர் கொன்றாலும் பிடித்த ஊரை எழுதி வைத்தார். இவர்கள் அதையும் வைப்பதில்லை.

ஊர்ப் பெயர் சின்ன விஷயமல்ல. 2013இல் நம் நாட்டிலிருந்து விவரிக்கப்பட்ட ஊசித்தும்பி ஒன்று ஹங்வெல்ல என்ற ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது. கொழும்பிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். கொழும்புக்கு ஈரநில நகரம் என்ற ராம்சார் அங்கீகாரம் 2018இல் கிடைத்தது. ஆனால் எந்தச் சதுப்பில் எந்தத் தும்பி இருந்தது என்பதற்குச் சாட்சி, ஊரும் திகதியும் எழுதிய படங்கள்தான். புதுக்கடைக் கால்வாயின் அந்தச் செம்மஞ்சள் தும்பியை நீங்கள் படமெடுத்தால், பின்னால் நிற்கும் பிளாஸ்டிக் போத்தலை வெட்டி எறியாதீர்கள். அதுவும் படத்தில் இருக்கட்டும்.